'ஹேட்' எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?
வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆங்கில இலக்கணம் குறித்து இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 'பாஸ்ட் பெர்ஃபெக்ட்' எனப்படும் காலத்தைப் பற்றியே இருந்தன. 'ஹேட்' என்ற துணைவினையும் முதன்மை வினையின் மூன்றாம் வடிவமும் சேர்ந்து அமைவது அது. அதனால் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: கடந்த காலத்தில் இரண்டு செயல்கள் நடந்திருந்தால் முதலில் நடந்ததற்கு 'ஹேட்' போட வேண்டும் என்று பள்ளியில் படித்தேன். ஆனால் ஆங்கில நாளிதழ்களில் 'ஹி லெஃப்ட் பிஃபோர் ஐ கேம்' போன்ற வாக்கியங்களைப் பார்க்கிறேன். முதலில் நடந்த செயலுக்கு அங்கே 'ஹேட்' இல்லை. எது சரி? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: நாளிதழ் எழுதியது சரிதான். பள்ளியில் சொல்லித் தந்த விதியும் முற்றிலும் தவறு என்று சொல்ல மாட்டேன்; அது பாதி விதி. எது முன், எது பின் என்பதை மட்டும் வைத்து 'ஹேட்' வருவதில்லை. நாம் கடந்த காலத்தின் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து இன்னும் பின்னே திரும்பிப் பார்க்கும்போதுதான் அது வருகிறது. அப்படி நின்று பார்க்கும் நேரம் ஒன்று இல்லையென்றால், எத்தனை செயல்கள் வரிசையாக நடந்திருந்தாலும் 'சிம்பிள் பாஸ்ட்' எனப்படும், 'ஹேட்' சேராத சாதாரண இறந்தகாலம் போதும். காலையில் எழுந்தார், குளித்தார், பேருந்து பிடித்தார், அலுவலகம் சேர்ந்தார் என்று நடந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகும்போது எந்த வினைக்கும் 'ஹேட்' தேவையில்லை. வரிசையே முன்பின்னைச் சொல்லிவிடுகிறது.

'பிஃபோர்', 'ஆஃப்டர்' ஆகிய சொற்கள் வரும் வாக்கியங்களிலும் இதே நிலைதான். முன்பின் உறவை அந்தச் சொற்களே காட்டிவிடுவதால் 'ஹேட்' விருப்பத்துக்கு உரியதாகிறது. நீங்கள் காட்டிய வாக்கியத்தை 'ஹி ஹேட் லெஃப்ட் பிஃபோர் ஐ கேம்' என்று எழுதினாலும் பிழையில்லை, 'ஹேட்' இல்லாமல் எழுதினாலும் பிழையில்லை.

'வென்' என்ற சொல் வரும்போதுதான் கதை மாறுகிறது. 1912 ஏப்ரல் 15 அதிகாலை 2.20 மணிக்கு டைட்டானிக் கப்பல் மூழ்கியது. உதவிக்கு விரைந்த கார்பேத்தியா கப்பல் அந்த இடத்தை அடைந்தபோது மணி ஏறக்குறைய நான்கு. படகுகளில் தத்தளித்துக்கொண்டிருந்த எழுநூற்றுக்கும் மேற்பட்டவர்களை அது ஏற்றிக்கொண்டது. இதை ஒருவர் 'வென் த கார்பேத்தியா அரைவ்ட், த டைட்டானிக் சேங்க்' என்று எழுதினால், கார்பேத்தியா வந்து சேர்ந்த பிறகு, அதன் கண்ணெதிரிலேயே, டைட்டானிக் மூழ்கியதாகப் பொருள்படும். 'த டைட்டானிக் ஹேட் சங்க்' என்று எழுதினால்தான் வரலாறு சரியாக வரும். கார்பேத்தியா வந்த நேரத்தில் நாம் நிற்கிறோம். அங்கிருந்து பார்க்கும்போது மூழ்குதல் ஏற்கெனவே முடிந்துபோன நிகழ்ச்சியாகத் தெரிகிறது. இந்த இடத்தில் 'ஹேட்' விருப்பத்துக்கு உரியது அல்ல, கட்டாயம்.

ஆகவே ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு, 'ஹேட்' என்பதை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். நடந்தது மாறிப்போனால் 'ஹேட்' வேண்டும். மாறாவிட்டால் பெரும்பாலும் அது இல்லாமலே வாக்கியம் நன்றாக இருக்கும்.

கேள்வி: மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்க்கிறேன். 'ஐ ஹேட் சென்ட் யூ த மெயில் யெஸ்டர்டே' என்று எழுதியதை வெளிநாட்டிலுள்ள எங்கள் குழுத்தலைவர் 'ஐ சென்ட்' என்று திருத்தினார். 'நேற்று உங்களுக்கு மெயில் அனுப்பியிருந்தேன்' என்றுதானே நாம் இயல்பாகச் சொல்கிறோம்? நான் எழுதியதில் என்ன பிழை? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பிழையின் வேர் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. 'அனுப்பியிருந்தேன்' என்பது நல்ல தமிழ். அதை அப்படியே ஆங்கிலத்தில் ஏற்றியதால்தான் சிக்கல் வந்தது. நம்மில் பலருக்கும் இது நேர்வதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தமிழிலக்கணம் காலத்தை மூன்றாகவே பகுக்கிறது. ஆனால் 'இரு', 'விடு' போன்ற துணைவினைகள் வினையெச்சத்தோடு சேர்ந்து, ஒரே இறந்தகாலத்துக்குள் நுட்பமான பல வேறுபாடுகளைக் காட்டுகின்றன. 'போன வாரம் திருச்சிக்குப் போனேன்' என்பது நடந்த செயலைச் சொல்கிறது. 'போன வாரம் திருச்சிக்குப் போயிருந்தேன்' என்றால் போய்விட்டுத் திரும்பியும் வந்துவிட்டேன், அங்கே நடந்த ஏதோ ஒன்றை இனிச் சொல்லப்போகிறேன் என்ற குறிப்பு அதில் இருக்கிறது. 'நேற்று மெயில் அனுப்பியிருந்தேனே' என்று சொல்லும்போது அது நினைவூட்டலாகவும், 'அனுப்பினேனே, பார்க்கவில்லையா?' என்று கேட்பதைவிடச் சற்றுப் பணிவான தொனியாகவும் அமைகிறது. இவற்றில் எதற்கும் கடந்த காலத்தில் இரண்டாவது நிகழ்ச்சி ஒன்று தேவைப்படுவதில்லை. பேசிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தோடுதான் 'இருந்தேன்' உறவு கொள்கிறது.

ஆங்கிலத்து 'ஹேட்' இப்படித் தனியே நிற்காது. 'ஐ ஹேட் சென்ட் யூ த மெயில்' என்று படிக்கும் ஆங்கிலேயரோ அமெரிக்கரோ, 'எதற்கு முன்பு?' என்ற கேள்வியோடு அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருப்பார். அனுப்பிய பிறகு ஏதோ நடந்து நிலைமை மாறிவிட்டது போலும் என்றுகூட அவருக்குத் தோன்றலாம். அடுத்த வாக்கியத்தில் அப்படி எதுவும் வராதபோது அவருக்குக் குழப்பம் ஏற்படுகிறது. உங்கள் குழுத்தலைவர் திருத்தியதற்குக் காரணம் இதுவே. 'யெஸ்டர்டே' என்று நாளைக் குறிப்பிட்டுவிட்ட பிறகு 'ஐ சென்ட்' போதுமானது. பணிவைக் காட்ட விரும்பினால் அதற்கு வேறு சொற்கள் உண்டு. காலத்தை மாற்றிப் பணிவைக் காட்ட முடியாது. இதேபோல் நேர்முகத் தேர்வில் 'ஐ ஹேட் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2019' என்று சொல்லாமல் 'ஐ கம்ப்ளீட்டட்' என்றும், மடலில் 'ஆஸ் ஐ ஹேட் மென்ஷன்ட்' என்று எழுதாமல் 'ஆஸ் ஐ மென்ஷன்ட்' என்றும் எழுதுங்கள். இந்த வழக்கம் தமிழர்களிடம் மட்டும் இல்லை. இந்திய ஆங்கிலத்தின் பொதுவான இயல்புகளில் ஒன்றாகவே மொழியியலாளர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். இந்தியர்களுக்குள் எழுதிக்கொள்ளும்போது யாருக்கும் பொருள் விளங்காமல் போவதில்லை. வெளியே எழுதும்போதுதான் இடறுகிறது.

இதற்கு நேர் எதிரான பிழை ஒன்றும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. 'நான் போனபோது கடையை மூடிவிட்டார்கள்' என்று தமிழில் சொல்கிறோம். இங்கே 'இருந்தார்கள்' இல்லை. 'விடு' என்ற துணைவினைதான் இருக்கிறது. அதனால் மொழிபெயர்க்கும்போது 'ஹேட்' நினைவுக்கு வராமல், 'வென் ஐ காட் தேர், தே க்ளோஸ்ட் த ஷாப்' என்று எழுதிவிடுகிறோம். நான் போய் நின்றதும், என்னைப் பார்த்தே கடையை மூடினார்கள் என்று அதற்குப் பொருளாகிறது. கடைக்காரர்மீது வீண்பழி! 'தே ஹேட் க்ளோஸ்ட் த ஷாப்' என்பதே நாம் சொல்ல வந்தது. ஆக, தமிழில் 'இருந்தேன்' வரும் பல இடங்களில் ஆங்கிலத்துக்கு 'ஹேட்' வேண்டாம். தமிழில் 'விட்டது', 'விட்டார்கள்' என்று வரும் சில இடங்களில் வேண்டும். சொல்லுக்குச் சொல் பொருத்திப் பார்ப்பதை விட்டுவிட்டு, எந்த நேரத்தில் நின்று பார்க்கிறோம் என்பதைக் கேட்டுக்கொண்டால் இரண்டு பிழைகளும் நீங்கும்.

கேள்வி: மிகப் பழைய நிகழ்ச்சிகளுக்குப் 'பாஸ்ட் பெர்ஃபெக்ட்', அண்மை நிகழ்ச்சிகளுக்கு 'சிம்பிள் பாஸ்ட்' என்று என் மாணவர்கள் எண்ணுகிறார்கள். எப்படி விளக்குவது? (ஆசிரியை, விழுப்புரம்)

பதில்: எவ்வளவு பழையது என்பதற்கும் 'ஹேட்' என்பதற்கும் தொடர்பே இல்லை. 'இண்டியா பிகேம் இண்டிபெண்டன்ட் இன் 1947' என்பதே சரி. சோழர் காலத்தைப் பற்றி எழுதினாலும் 'சிம்பிள் பாஸ்ட்'தான். மாறாக, பத்து நிமிடத்துக்கு முன் நடந்ததற்கும் 'ஹேட்' வரலாம், அதற்குப் பின், ஒன்பது நிமிடத்துக்கு முந்தைய நேரத்தில் நாம் போய் நின்றால்.

தனி வாக்கியங்களைக் கொடுத்துக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் பயிற்சியால் இதைப் புரியவைப்பது கடினம். ஒரு சிறு பத்தியாகக் கொடுங்கள். கணிதமேதை ராமானுஜனின் வாழ்க்கை இதற்கு மிகவும் பொருத்தமானது. 1914 மார்ச் மாதம் அவர் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறும் காட்சியில் பத்தியைத் தொடங்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் நின்று பின்னால் பார்த்தால், 1911ஆம் ஆண்டிலேயே அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை இந்தியக் கணித இதழொன்றில் வெளிவந்திருந்தது: 'ஹேட் அப்பியர்ட்'. 1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜிலிருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியிருந்தார்: 'ஹேட் ரிட்டன்'. இப்படி ஒன்றிரண்டு 'ஹேட்' போட்டுப் பின்னோக்கிச் சென்றுவிட்டால், அதன் பிறகு அந்தப் பழைய கதைக்குள்ளேயே 'சிம்பிள் பாஸ்ட்' எழுதிக்கொண்டு போகலாம். ஹார்டி கடிதத்தைப் படித்தார், சக கணித அறிஞர் லிட்டில்வுட்டிடம் காட்டினார், இருவரும் அதிலிருந்த சூத்திரங்களை ஆராய்ந்தார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் 'ஹேட்' ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மீண்டும் கப்பலுக்குத் திரும்பும்போது 'வென் த ஷிப் செய்ல்ட்' போன்ற ஒரு தொடரால் வாசகரை அழைத்து வந்தால் போதும். நல்ல ஆங்கில உரைநடை இப்படித்தான் எழுதப்படுகிறது. வரிக்கு வரி 'ஹேட்' போடுபவர்கள் விதியைப் பின்பற்றுவதாக எண்ணி வாசகரைக் களைப்படையச் செய்கிறார்கள்.

இன்னொன்றையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்' என்பதோடு மூன்றாம் வடிவம் சேரும் 'பிரசன்ட் பெர்ஃபெக்ட்' காலத்தோடு ஆண்டையோ நாளையோ சேர்த்து 'ஐ ஹேவ் சீன் ஹிம் இன் 2019' என்று எழுதக் கூடாது. 'பாஸ்ட் பெர்ஃபெக்ட்' காலத்துக்கு அந்தத் தடை இல்லை. மேலே ராமானுஜனைப் பற்றிய வாக்கியங்களில் ஆண்டுகள் தாராளமாக வந்திருப்பதைக் கவனிக்கலாம்.

கேள்வி: 'ஹி ஹேட் ஹேட் ஹிஸ் லஞ்ச்' என்பது அச்சுப்பிழையா? (வாசகர், வேலூர்)

பதில்: இல்லை. முதல் 'ஹேட்' துணைவினை. இரண்டாவது, உண்ணுதல் என்ற பொருளில் வரும் 'ஹேவ்' என்பதன் மூன்றாம் வடிவம். அவர் ஏற்கெனவே மதிய உணவை முடித்திருந்தார் என்பது பொருள். உண்மையான பிழை வேறிடத்தில் வருகிறது. 'ஹேட் வென்ட்', 'ஹேட் கேம்', 'ஹேட் ட்ரேங்க்' என்று இரண்டாம் வடிவத்தைச் சேர்த்துவிடுவதுதான் அது. 'ஹேட் கான்', 'ஹேட் கம்', 'ஹேட் ட்ரங்க்' என்பனவே சரி.

கேள்வி: 'முதலில் நடந்த செயலுக்கு ஹேட்' என்ற விதிக்கு மாறாக, ஓர் ஆங்கிலக் கதையில் 'ஹி கட் த கால் பிஃபோர் ஐ ஹேட் ஃபினிஷ்ட் ஸ்பீக்கிங்' என்று படித்தேன். இணைப்பைத் துண்டித்ததுதானே முதலில் நடந்தது? (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கும்பகோணம்)

பதில்: மிக நுட்பமாகக் கவனித்திருக்கிறீர்கள். இந்த வாக்கியத்தில் 'ஹேட்' பெற்ற செயல் பிறகு நடந்ததுகூட இல்லை, நடக்கவே இல்லை. பேசி முடிப்பதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. முன்பின் விதியை மட்டும் வைத்துக்கொண்டு இதை விளக்கவே முடியாது.

இங்கே 'ஹேட்' காட்டுவது நிறைவை. அவர் துண்டித்த அந்தக் கணத்தில் நாம் நின்று பார்க்கிறோம். என் பேச்சு முடிந்துவிட்டதா என்று அப்போது கேட்டால், இல்லை. 'பிஃபோர்' என்ற சொல் அந்த 'இல்லை'யைச் சொல்கிறது. 'ஹேட் ஃபினிஷ்ட்' என்பது எட்டப்படாத அந்த நிறைவைச் சொல்கிறது. 'பிஃபோர் ஐ ஃபினிஷ்ட்' என்று எழுதினாலும் பிழையாகாது. ஆனால் பேச்சு பாதியில் அறுபட்டது என்ற உணர்வு 'ஹேட்' சேரும்போது அழுத்தமாக வருகிறது. தமிழிலும் நாம் 'நான் பேசுவதற்குள்' என்று சொல்லாமல் 'நான் பேசி முடிப்பதற்குள்' என்றுதான் சொல்கிறோம். நமக்கு 'முடி' செய்யும் வேலையை ஆங்கிலத்தில் 'ஃபினிஷ்' என்ற வினையும் 'ஹேட்' என்ற துணைவினையும் பகிர்ந்துகொள்கின்றன.

கேள்வி: போட்டித் தேர்வுகளில் 'நோ சூனர்', 'ஹார்ட்லி' கேள்விகள் தவறாமல் வருகின்றன. எளிதாக நினைவில் வைப்பது எப்படி? (தேர்வுக்குத் தயாராகும் வாசகர், ராமநாதபுரம்)

பதில்: 'நோ சூனர்' என்றால் பின்னால் 'தேன்' வரும், 'ஹார்ட்லி', 'ஸ்கேர்ஸ்லி' என்றால் 'வென்' வரும். 'சூனர்' என்பது ஒப்பீட்டுச் சொல், ஆகையால் ஒப்பீட்டுக்குரிய 'தேன்' அதற்குத் துணையாகிறது என்று காரணத்தோடு நினைவில் வைத்தால் மறக்காது. இந்தச் சொற்கள் வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும்போது, கேள்வியில் வருவதுபோல் 'ஹேட்' எழுவாய்க்கு முன்னால் வந்துவிடும்: 'நோ சூனர் ஹேட் த பெல் ரங் தேன் த சில்ட்ரன் ரேன் அவுட்'. மணி அடித்ததும் அடிக்காததுமாகப் பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். இரண்டாவது பகுதிக்கு 'ஹேட்' கிடையாது.

கேள்வி: 'இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்' என்ற வாக்கியத்தில் இரண்டு செயல்களுமே நடக்கவில்லை. நடக்காததற்கு ஏன் 'பாஸ்ட் பெர்ஃபெக்ட்'? 'இஃப் ஐ வுட் ஹேவ் நோன்' என்றும் சிலர் பேசுகிறார்களே? (வாசகி, சேலம்)

பதில்: நடந்திருக்கக்கூடியது, ஆனால் நடக்கவில்லை என்பதைக் காட்ட ஆங்கிலம் வினையை ஒரு படி பின்னே தள்ளுகிறது. இன்றைய நிலைமைக்கு மாறானதைச் சொல்ல இறந்தகால வடிவம். நேற்றைய நிலைமைக்கு மாறானதைச் சொல்ல 'பாஸ்ட் பெர்ஃபெக்ட்'. நல்லவேளையாக இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. 'தெரிந்திருந்தால் வந்திருப்பேன்' என்பதில் 'இருந்தால்' வரும் இடத்தில் 'ஹேட்', 'இருப்பேன்' வரும் இடத்தில் 'வுட் ஹேவ்'. 'ஐ விஷ் ஐ ஹேட் ஸ்டடீட்' என்பதும் இந்த வகையே. படித்திருக்கலாமே என்ற ஏக்கம். 'இஃப்' பகுதியில் 'வுட் ஹேவ்' சேர்ப்பது பேச்சில், சிறப்பாக அமெரிக்கர்களின் பேச்சில், காதில் விழுவதுண்டு. எழுத்தில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. 'அவர் நேற்று வந்திருந்தால் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருப்பார்' என்ற தமிழ் வாக்கியத்துக்கு இரண்டு பொருள்கள் உண்டு. அவர் வரவில்லை என்று நமக்குத் தெரிந்து, வந்திருந்தால் கையெழுத்திட்டிருப்பாரே என்று சொல்வது ஒன்று. வந்தாரா இல்லையா என்று தெரியாமல், வந்திருந்தால் கையெழுத்து இருக்கும், பதிவேட்டைப் பாருங்கள் என்று சொல்வது மற்றொன்று. தமிழில் சூழலை வைத்துத்தான் பிரித்தறிகிறோம். ஆங்கிலத்தில் வினையே பிரித்துவிடுகிறது. முதல் பொருளுக்கு 'இஃப் ஹி ஹேட் கம்'. இரண்டாவதற்கு 'இஃப் ஹி கேம்'. அலுவலக விசாரணை அறிக்கை போன்ற ஒன்றில் இவற்றை மாற்றி எழுதினால், வந்தாரா என்று தேட வேண்டிய ஒருவரை வரவே இல்லை என்று நாமே முடிவு கட்டியதாகிவிடும்.

கேள்வி: ஆங்கில நாளிதழில் புதிதாகச் சேர்ந்த செய்தியாளர் நான். ஒருவர் சொன்னதை எழுதும்போது எல்லா இறந்தகால வினைகளையும் 'ஹேட்' ஆக்க வேண்டுமா? (மதுரை)

பதில்: தேர்வில் ஆக்கித்தான் தீர வேண்டும், 'ஐ சா த ஃபிலிம்' என்று அவர் சொன்னது 'ஹி செட் ஹி ஹேட் சீன் த ஃபிலிம்' ஆகும். செய்தியில் அவ்வளவு கட்டாயம் இல்லை. 'ஹி செட் ஹி சா த ஃபிலிம் ஆன் மன்டே' என்று நாள் குறிப்பிட்டு எழுதினால் குழப்பத்துக்கு இடமில்லை. ஆனால் பேசியவர் சொல்லும் செயல் அவர் பேசிய நாளில் நடந்ததா, அதற்கு முன்பே முடிந்துவிட்டதா என்ற ஐயம் வாசகருக்கு எழும் இடங்களில் 'ஹேட்' தவறக் கூடாது. 'த கலெக்டர் செட் த ரோட் வாஸ் ரிப்பேர்ட்' என்பதற்கும் 'ஹேட் பீன் ரிப்பேர்ட்' என்பதற்கும் உள்ள தொலைவு பெரிது. சாலைப் பணி முடிந்துவிட்டது என்று ஆட்சியர் உறுதி கூறினார் என்பதை இரண்டாவதுதான் ஐயமின்றித் தெரிவிக்கிறது. அந்தச் சாலையில் போகிறவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம்.

கேள்வி: எங்கள் இல்லத் திருமண அழைப்புக்கு வெளிநாட்டு நண்பர் ஒருவர், 'ஐ'ட் ஹோப்ட் டு அட்டெண்ட்' என்று பதில் எழுதியிருக்கிறார். வருகிறாரா, இல்லையா? (வாசகர், காரைக்குடி)

பதில்: வரவில்லை. 'ஹோப்', 'இன்டெண்ட்', 'பிளான்' போன்ற வினைகளோடு 'ஹேட்' சேரும்போது அந்த எண்ணம் நிறைவேறாமல் போனது என்று பொருள். வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன், இயலவில்லை என்று நயமாகத் தெரிவித்திருக்கிறார். 'ஐ'ட்' என்ற சுருக்கம் 'ஐ ஹேட்', 'ஐ வுட்' ஆகிய இரண்டுக்கும் பொதுவானது. அடுத்து மூன்றாம் வடிவம் வந்தால் 'ஹேட்'. 'ஐ'ட் லைக் டு அட்டெண்ட்' என்பதுபோல் வினையின் அடிப்படை வடிவம் வந்தால் 'வுட்'. அப்படி எழுதியிருந்தால் வர விரும்புகிறார் என்று கொண்டு அவருக்கும் இலை போட ஏற்பாடு செய்திருக்கலாம். 'ஐ'ட் பெட்டர் கோ' என்பது மட்டும் விதிவிலக்கு. அங்கே அடிப்படை வடிவம் வந்தாலும் சுருங்கியிருப்பது 'ஹேட்'தான். ஆனால் அது 'பாஸ்ட் பெர்ஃபெக்ட்' அல்ல, இப்போது கிளம்புவது நல்லது என்று சொல்லும் தனி வழக்கு.